முகத்துக்கு சோப்பு போடலாமா, கூடாதா?

காலைப்பனி

வணக்கம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கேள்வி இது. விவரம் தெரிந்த நாளிலிருந்து உடம்புக்குத் தேய்க்கிற அதே குளியல் சோப்பைத்தான் முகத்துக்கும் போட்டு வருகிறேன். இப்போது வயது 34. இத்தனை வருடம் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கடந்த ஆறேழு மாதமாக முகம் கழுவித் துடைத்த ஐந்தாவது நிமிடமே இரண்டு கன்னமும் இழுத்துப் பிடிக்கிறது. வாய்விட்டுச் சிரித்தால் உதட்டோரம் கிழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மூக்கின் இரண்டு பக்க மடிப்பிலும் தோல் உரிந்து பொடிப்பொடியாக நிற்கிறது.

அண்ணி, "முகத்துக்குப் போய் யாராவது சோப்பு போடுவார்களா, முதலில் அதை நிறுத்து" என்கிறார். கூட வேலை பார்க்கும் அக்காவோ வெறும் தண்ணீரில் கழுவினால் அழுக்கு எப்படிப் போகும், பரு கிளம்பிவிடும் என்கிறார். தேடிப் பார்த்தால் பாதிப் பேர் சோப்பு விஷம் என்கிறார்கள், மீதிப் பேர் தாங்கள் விற்பதை வாங்கச் சொல்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரண்டாம்மாடி

எனக்கு 52 வயது. தலைக்கு மட்டும் ஷாம்பு, மற்றபடி கழுத்துக்குக் கீழும் மேலும் ஒரே சோப்புதான். முகத்தில் ஒரு குறையும் இல்லை, ஒரு நாள் கூட இழுத்ததில்லை. எனக்கு எண்ணெய் வழிகிற முகம், மதியத்துக்குள் நெற்றி பளபளவென்று ஆகிவிடும், சோப்பு போட்டால்தான் முகம் கழுவிய மாதிரியே இருக்கும். ஒருவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக எல்லோருக்கும் கூடாது என்று சட்டம் போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

லிட்மஸ்

இரண்டாம்மாடி அண்ணா சொல்வதும் உண்மை, காலைப்பனிக்கு நடப்பதும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வேதியியல் படித்தவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயோ கொழுப்போ காஸ்டிக் சோடாவோடு சேர்ந்தால் கிடைக்கிற உப்புதான் சோப்பு, கூடவே கிளிசரினும் பிரிந்து வரும். அந்த உப்பு தண்ணீரில் கரைந்தால் காரத்தன்மைதான் காட்டும். அமிலமா காரமா என்று அளக்கிற பி.எச். கணக்கில் (7 நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம்) 9 முதல் 10 வரை, சில சோப்புகள் அதற்கும் மேலே போகும். நம் தோலின் மேற்பரப்பு இதற்கு நேர் எதிர், லேசான அமிலம், சுமார் 4.5 முதல் 5.5 வரை. 1928-இல் ஷாடே, மார்க்கியோனினி என்ற இரண்டு ஜெர்மன் மருத்துவர்கள் இதற்கு 'அமிலப் போர்வை' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். பி.எச். அளவில் ஒரு எண் ஏறினால் பத்து மடங்கு வித்தியாசம் என்பதை மறந்துவிடக் கூடாது. 5-க்கும் 10-க்கும் நடுவில் இருப்பது லட்சம் மடங்கு.

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். செத்த செல்கள் செங்கல். அவற்றுக்கு இடையில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் கலந்த ஒரு பூச்சு இருக்கிறது, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகாமல் பிடித்து வைப்பது அந்தப் பூச்சுதான். சோப்புக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிய எண்ணெய் எது, சுவருக்குச் சொந்தமான எண்ணெய் எது என்று பார்க்கத் தெரியாது, கையில் கிடைத்ததையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். இன்னொன்று, அந்தப் பூச்சைத் திரும்ப உண்டாக்குகிற நொதிகளுக்கு அமிலச் சூழல் இருந்தால்தான் வேலை ஓடும். காரம் ஏறினால் அவை மந்தமாகி, செல்களைப் பிய்த்து உதிர்க்கிற வேறு நொதிகள் சுறுசுறுப்பாகிவிடும். இழுப்பும் செதில் செதிலாக உரிவதும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

நல்ல தோல் என்றால் சில மணி நேரத்தில் தானாகவே பழைய அமில நிலைக்குத் திரும்பிவிடும். திரும்புவதற்குள் அடுத்த சோப்பு, அது ஆறுவதற்குள் அதற்கடுத்த சோப்பு என்று போனால்தான் தொல்லை. அண்ணாவுக்கு எண்ணெய்ச் சுரப்பிகள் தாராளமாக வேலை செய்கின்றன, அவர் தாங்குகிறார். காலைப்பனி, நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை கழுவுகிறீர்கள்? வெந்நீரா, தண்ணீரா?

நதிக்கரை

நான் இரண்டு வருடத்துக்கு முன்னால் சோப்பை அடியோடு விட்டு வெறும் தண்ணீருக்கு மாறினேன். முதல் இரண்டு வாரம் முகத்தில் பிசுபிசுப்பு இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. கன்னம் இவ்வளவு மிருதுவாக எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. ஆனால் ஒரு தவறு செய்தேன். சன்ஸ்கிரீன் போட ஆரம்பித்த பிறகும் வெறும் தண்ணீரிலேயே கழுவினேன். ஒரு மாதத்தில் தாடையோரம் முழுக்கச் சின்னச் சின்னக் குருக்கள். வெள்ளைத் துண்டால் கன்னத்தை ஒற்றிப் பார்த்தேன், கழுவிய முகத்திலிருந்து மாவு மாதிரி வெள்ளையாக வந்தது. வியர்வைக்கும் தண்ணீருக்கும் அசையாத மாதிரி செய்த பொருளைத் தண்ணீரால் மட்டும் எடுத்துவிடலாம் என்று நினைத்தது என் பிழைதான். இப்போது இரவில் மட்டும் மிதமான கிளென்சர், காலையில் தண்ணீர்.

காலைப்பனி

லிட்மஸ், நீங்கள் கேட்டதும் எண்ணிப் பார்த்தேன். காலையில் குளிக்கும்போது ஒன்று, வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒன்று, சாயங்காலம் வந்ததும் ஒன்று, படுக்கும் முன் ஒன்று, ஆக நான்கு. நான்குமே சோப்பு. வெந்நீர் இல்லாமல் எனக்குக் குளிக்க வராது, முகத்துக்கும் அதே வெந்நீர்தான். கழுவிவிட்டுத் துண்டால் அழுத்தித் துடைப்பேன். கிரீம் எதுவும் போடுகிற பழக்கமில்லை. எழுதும்போதே என்ன சொல்லப்போகிறீர்கள் என்று புரிகிறது.

வார்டுநேரம்

நான் தோல் சிகிச்சைப் பிரிவில் பதினொரு வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். மருத்துவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தங்கையே, நான்கு முறை, வெந்நீர், சோப்பு, அழுத்தித் துடைப்பு, மேலே எதுவும் பூசாமல் விடுவது, இதில் எது ஒன்றைத் தனியாகச் செய்தாலும் பலர் சமாளித்துவிடுவார்கள். ஐந்தும் சேர்ந்தால் எந்த முகமும் தாங்காது. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் சொல்வது ரொம்ப எளிமையானது: நாளைக்கு இரண்டு முறை, அப்புறம் நன்றாக வியர்த்தால் ஒரு முறை, வெதுவெதுப்பான தண்ணீர், உரசாத மிதமான கிளென்சர், விரல் நுனி. நார், பிரஷ், கரடுமுரடான துணி எதுவும் வேண்டாம். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். முகத்தில் ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் போட்டுவிடுங்கள்.

ஆனால் உங்கள் பதிவில் என்னை யோசிக்க வைத்தது மூக்கோர மடிப்பு. கன்னத்தில் இழுப்பு என்றால் வறட்சி என்று எடுத்துக்கொள்ளலாம். மூக்கோரத்தில் மட்டும், அதுவும் மடிப்புக்குள், செதில் நிற்கிறது என்றால் அது வறட்சியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அங்கேதான் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன, முகத்திலேயே கடைசியாக வறளவேண்டிய இடம் அது. செதில் கொஞ்சம் மஞ்சளாக, பிசுக்காக இருக்கிறதா? அடியில் தோல் சிவந்திருக்கிறதா? புருவத்திலும் இருக்கிறதா? தலையில் பொடுகு உண்டா? இதற்கெல்லாம் ஆமாம் என்றால் அது செபோரிக் டெர்மடைட்டிஸ் என்கிற தோல் அழற்சியாக இருக்கலாம். மலசீசியா என்கிற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லோர் தோலிலும் இருப்பது, சிலருக்கு அதனால் அழற்சி வரும். அது எண்ணெயைத் தின்று வாழ்வது. வறட்சி என்று நினைத்து எண்ணெயாகத் தடவித் தடவி அதை வளர்த்துவிட்டு வந்து உட்கார்கிறவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஒரு தடவை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பத்தொன்பது

என் வயது பெயரிலேயே இருக்கிறது. எனக்கு நெற்றி, கன்னம் எல்லாம் பரு. முகம் கழுவிய ஒரு மணி நேரத்தில் எண்ணெய் வந்துவிடும். அதனால் நாளைக்கு ஐந்து, ஆறு முறை கிருமிநாசினி சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுகிறேன். கழுவினால் பரு எரிகிறது, ஆனால் சுத்தமாக இருக்கிறது என்று ஒரு நிம்மதி. மூக்கில் கரும்புள்ளி எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

வார்டுநேரம்

தம்பி, முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். கரும்புள்ளி அழுக்கு இல்லை. துவாரத்தை அடைத்து நிற்கிற கொழுப்பும் செத்த செல்லும் காற்றுப் பட்டு மாறியதும், அதிலுள்ள மெலனினும் சேர்ந்து கறுப்பாகத் தெரிகிறது. அதைச் சோப்பால் வெளுக்க முடியாது.

எண்ணெய்ச் சுரப்பி எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை உங்கள் ஹார்மோன் தீர்மானிக்கிறது. நீங்கள் ஆறு முறை கழுவினாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். மேலே படிந்ததை எடுக்கலாம், ஊற்றை அடைக்க முடியாது. பரு என்பது உள்ளே துவாரத்துக்குள் நடக்கிற விஷயம், மேற்பரப்பு அழுக்கால் வருவதில்லை. முகம் அழுக்காக வைத்திருப்பதால்தான் பரு என்று யாராவது உங்களைக் குறை சொல்லியிருந்தால் அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள், உங்கள் வயதில் அந்தப் பேச்சு எவ்வளவு உறுத்தும் என்று எனக்குத் தெரியும்.

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கிற நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட பரு சிகிச்சை வழிகாட்டுதலில் கழுவுவது பற்றி ஒரு வரி தெளிவாகவே இருக்கிறது. காரத்தன்மை இல்லாத, தோலின் பி.எச்.சுக்கு ஒத்த அல்லது லேசான அமிலத்தன்மையுள்ள சின்டெட் (சோப்பு அல்லாத, செயற்கையாகச் செய்த) கிளென்சரால் நாளைக்கு இரண்டு முறை. அவ்வளவுதான். மிச்ச வேலை மருந்துடையது: பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் மாதிரியானவை, மருத்துவர் பார்த்துத் தருவார். பென்சாயில் பெராக்சைடு போட்டால் தலையணை உறை, துண்டு எல்லாம் வெளுத்துப்போகும், வெள்ளைத் துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து முறை சோப்பால் புண்ணாக்கிய முகத்தில் அந்த மருந்தைப் போட்டால் எரிச்சல் தாங்காமல் பத்தே நாளில் விட்டுவிடுவீர்கள், நிறையப் பேர் அப்படித்தான் விடுகிறார்கள்.

கிருமிநாசினி சோப்பு பற்றி: டிரைக்ளோசான் உட்பட 19 கிருமிக்கொல்லிப் பொருட்களை, பொதுமக்கள் தண்ணீரில் கழுவப் பயன்படுத்தும் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-இல் உத்தரவு போட்டது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும் விட அவை மேலானவை என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை, நாள்பட்ட பயன்பாட்டில் பாதுகாப்பானவை என்றும் காட்டவில்லை.

நுரைக்கூடம்

நான் சோப்பு செய்கிறவள். விற்பனைக்கு இல்லை, வீட்டுக்கும் கேட்கிறவர்களுக்கும். மேலே எல்லோரும் சோப்பு என்றாலே ஒரே வகை மாதிரிப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் சூடேற்றாமல் செய்கிறேன், ஐந்து சதவீதம் எண்ணெய் கூடுதலாக விட்டுவிடுவேன், அது காஸ்டிக்கோடு சேராமல் எண்ணெயாகவே நிற்கும். கிளிசரினைப் பிரித்தெடுப்பதில்லை. வெட்டி அடுக்கி ஆறு வாரம் காற்றாட வைத்த பிறகுதான் தொடுவேன். இதையும் தொழிற்சாலைக் கட்டியையும் ஒரே தட்டில் வைத்து எடை போடலாமா? என் முகத்துக்கு எட்டு வருடமாக இதுதான், இழுப்பு கிடையாது.

லிட்மஸ்

உங்கள் வருத்தம் நியாயம் அக்கா. சோப்புக்கு சோப்பு வித்தியாசம் உண்டு, அது சோதித்தே பார்க்கப்பட்ட விஷயம். 1979-இல் ஃப்ராஷ், கிளிக்மன் இருவரும் 18 வகைக் குளியல் கட்டிகளை 8 சதவீதக் கரைசலாக்கி முன்கையில் ஐந்து நாள் ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். சிலது கையைப் புண்ணாக்கின, சிலது பரவாயில்லை, அவ்வளவு ஏற்ற இறக்கம். கிளிசரின் நிற்பதும், மிச்ச எண்ணெய் நிற்பதும் நிச்சயம் கடுமையைக் குறைக்கும். உங்கள் சோப்பு பலதை விட மென்மை என்றால் நம்புகிறேன்.

ஆனால் பி.எச். மட்டும் மாறாது. ஆறு வாரம் வைத்தாலும் ஆறு மாதம் வைத்தாலும் 9-க்குக் கீழே வராது, ஏனென்றால் அது சோப்பின் இயல்பு. சேராமல் நின்ற காஸ்டிக் தீர்ந்துபோகும், தண்ணீர் வற்றிக் கட்டி கெட்டிப்படும், அவ்வளவுதான். கட்டியின் கொழுப்பு அளவைச் சொல்கிற டி.எஃப்.எம். எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கும் இதேதான்: அந்த எண் எவ்வளவு உயர்ந்தாலும் அது எவ்வளவு சோப்பு இருக்கிறது என்று காட்டுமே தவிர காரம் குறைவு என்று காட்டாது.

நுரைக்கூடம்

பி.எச். விஷயத்தில் நான் வாதாட மாட்டேன், காரணம் நானே அதில் கை சுட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை, முகத்துக்கென்று பி.எச். குறைந்த சோப்பு செய்து பார்ப்போம் என்று, காய்ந்த கட்டியைச் சீவித் தண்ணீரில் கரைத்துச் சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் தெளிவாக இருந்தது பால் மாதிரி வெளுத்தது. இன்னும் நாலு சொட்டு விட்டதும் திரிந்து, மேலே வெள்ளைக் கொழுப்புக் கட்டிகளாக மிதந்தது. கீழே கலங்கல் தண்ணீர். கையில் எடுத்துத் தேய்த்தால் மெழுகு மாதிரி ஒட்டுகிறது, நுரையே இல்லை. சோப்பு திரும்பவும் கொழுப்பு அமிலமாகவே போய்விட்டது. அன்றைக்குத்தான் புரிந்தது, பி.எச். 5.5 உள்ள சோப்பு என்று ஒன்று இருக்கவே முடியாது, அப்படி எழுதியிருந்தால் உள்ளே இருப்பது சோப்பு இல்லை என்று. என்னிடம் வாங்குகிறவர்களுக்கு இனி இதைச் சொல்லித்தான் கொடுப்பேன். வறண்ட முகம் என்றால் கழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றும் சொல்வேன்.

ஊதாப்பூ

இந்த விவாதத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பள்ளி ஆய்வகத்தில் வைத்திருக்கிற மாதிரி பி.எச். தாள் ஒரு கட்டு வாங்கி, வீட்டில் இருந்த மூன்றையும் காய்ச்சி வடித்த தண்ணீரில் குழைத்துச் சோதித்தேன். குளியல் சோப்பு: தாள் நனைந்ததும் பச்சை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலத்துக்குப் போனது, நிற அட்டையில் 10-க்கு நேராக நின்றது. சின்டெட் கட்டி: மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம், 6-க்கும் 7-க்கும் நடுவே. மூன்றாவதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மென்மையானது என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்ட நுரை ஃபேஸ்வாஷ். அதுவும் நீலம், 9. ஒரு வருடமாக சோப்பை விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நான் போட்டு வந்தது அதைத்தான்.

லிட்மஸ்

ஊதாப்பூ, இந்த விவாதத்திலேயே உருப்படியான வேலையைச் செய்தது நீங்கள்தான். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: கட்டியா குழாயா என்பதை வைத்தோ, சோப்பு என்றோ ஃபேஸ்வாஷ் என்றோ எழுதியிருப்பதை வைத்தோ முடிவுக்கு வராதீர்கள். பின்பக்கம் இருக்கிற பொடி எழுத்தைப் படியுங்கள்.

சோடியம் பால்மேட், சோடியம் பாம் கெர்னலேட், சோடியம் டாலோவேட், சோடியம் கோகோயேட் என்று முதல் வரியில் இருந்தால் அது அசல் சோப்பு. குழாயில் வருகிற கெட்டி நுரை வகையில் மிரிஸ்டிக் அமிலம், ஸ்டியரிக் அமிலம், லாரிக் அமிலம் என்று வரிசையாக வந்து பின்னாலேயே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இருந்தால் அதுவும் சோப்புதான், சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம், அதனால் கட்டியாகாமல் குழம்பாக நிற்கிறது. உங்கள் குழாயை எடுத்துப் பாருங்கள், அநேகமாக இதுதான் இருக்கும். சோடியம் கோகோயில் ஐசெதயோனேட் என்று தொடங்கினால் சின்டெட், அதாவது செயற்கையாகச் செய்த சலவைப் பொருள். 'செயற்கை' என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தோலுக்கு நெருங்கி வரும்படி பி.எச்.சை வைக்க முடிவது இதில்தான். 1957-இல் வந்த டவ் கட்டி இந்த வகை, மேலே சொன்ன 1979 சோதனையில் ஆகக் குறைவாக எரிச்சல் கொடுத்ததும் அதுவே. அதற்காக எல்லோரும் அதையே வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள் வாசனை சேர்க்காத வேறொன்றைப் பார்க்கலாம்.

சின்டெட் என்பதாலேயே மென்மை என்றும் ஆகிவிடாது. சோடியம் லாரில் சல்பேட்டும் செயற்கைதான், தோல் எரிச்சலை ஆராய்கிறவர்கள் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கப் பயன்படுத்துவது அதைத்தான்.

ஊதாப்பூ

பார்த்துவிட்டேன். மிரிஸ்டிக், ஸ்டியரிக், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அப்படியே வரிசையாக இருக்கிறது.

நீர்க்குமிழி

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் வீடு மாறிய பிறகுதான் எனக்கு முகம் இழுக்க ஆரம்பித்தது, சோப்பு பழையதே. புது வீட்டில் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்கவே நுரைக்காது, நுரைக்க வைக்க இன்னும் இன்னும் தேய்ப்பேன், வாளியின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும், நகத்தால் சுரண்டினால் மாவாக வரும். அந்தப் படலம் வாளியில் மட்டுமா ஒட்டும், முகத்திலும்தானே ஒட்டும் என்று ஒரு நாள் உறைத்தது. தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக ஆகிவிடுகின்றன என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எவ்வளவு அலசினாலும் போகாது. சின்டெட் வகை கடினத் தண்ணீரிலும் அப்படிப் படியாது என்பதால் அதற்கு மாறினேன், கடைசி அலசலுக்கு மட்டும் வடிகட்டிய தண்ணீர் ஒரு குவளை. கன்னம் இழுப்பது பாதிக்கு மேல் குறைந்தது.

இரண்டாம்மாடி

படித்துக்கொண்டே வருகிறேன். எனக்கு இழுப்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் சவரம் செய்த அன்று மட்டும் சோப்பு பட்டால் தாடை காந்தும், அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அது ஏன் என்று சொல்லுங்கள்.

லிட்மஸ்

பிளேடு மயிரோடு சேர்த்து மேல் செல்களையும் சீவிவிடுகிறது அண்ணா. சுவரில் ஏற்கெனவே கீறல், அதில் காரம் படுகிறது. சவரத்துக்கு முன்னால் முகம் கழுவிக்கொள்ளுங்கள், பின்னால் தண்ணீர் மட்டும்.

அமைதிநேரம்

என் அம்மாவுக்கு 71 வயது. தினமும் இரண்டு முறை முகத்துக்கு சோப்பு போட்டே ஆக வேண்டும் அவருக்கு. கன்னமெல்லாம் வறண்டு அரிக்கிறது என்கிறார், ஆனால் சோப்பு போடாவிட்டால் கழுவின மாதிரியே இல்லை என்பார். எப்படிச் சொல்லி நிறுத்துவது?

வார்டுநேரம்

வயதாக ஆகத் தோலில் எண்ணெய் சுரப்பது குறையும், பி.எச். ஏறும், சிதைந்த பூச்சு திரும்ப வர ரொம்ப நாள் எடுக்கும். அவருக்கு வியர்வையும் எண்ணெயும் இருக்கிற இடத்துக்கு மட்டும் சோப்பு போதும், முகத்துக்கு ஒரு வேளை மிதமான கிளென்சர், மற்ற வேளை தண்ணீர். நிறுத்தச் சொல்லாதீர்கள், மாற்றிக் கொடுங்கள். கையில் கட்டியாக எடுத்துத் தேய்த்துப் பழகியவர்களுக்குக் குழாயைக் கொடுத்தால் மனசு ஒப்பாது. சின்டெட் கட்டியாகவே கிடைக்கிறது, பழைய சோப்புப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள், எதற்கு மாற்றினோம் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். குளித்துவிட்டு வந்ததும் நீங்களே கன்னத்தில் கிரீம் தடவி விடுங்கள், அரிப்பு அடங்கினால் அவரே ஒத்துக்கொள்வார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் கைக்குச் சோப்பு போடுவதை விட்டுவிடாதீர்கள். கை கழுவுவது கிருமிக்காக, 20 விநாடி சோப்பு போட்டுத்தான் கழுவ வேண்டும். உள்ளங்கைத் தோல் தடிமன், கண்ணிமைத் தோல் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். கைக்குச் செய்வதை அங்கே செய்ய முடியாது.

நதிக்கரை

நான் பழகிக்கொண்ட ஒரு சோதனையைச் சொல்கிறேன். கழுவி, ஒற்றித் துடைத்து, ஒன்றுமே பூசாமல் பத்து நிமிடம் சும்மா இருந்து பாருங்கள். இழுத்தால் நீங்கள் போட்டது உங்களுக்கு அதிகம். இழுக்காமல், கொழகொழவென்றும் இல்லாமல், முகம் இருப்பதே மறந்துபோனால் அதுதான் உங்களுக்கானது, அது என்ன பெயரில் வந்தாலும் சரி. கழுவிய முகத்தில் விரல் வைத்து இழுத்தால் கீச்சென்று சத்தம் வர வேண்டும், அதுதான் சுத்தம் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். அந்தச் சத்தம் வந்தால் இப்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

காலைப்பனி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

நான்கு முறையை இரண்டாக்கினேன். வேலைக்குப் போனதும் கழுவுவதை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது, கை தானாகவே குழாய்க்குப் போகும். காலையில் வெறும் தண்ணீர், இரவில் சின்டெட் கட்டி. வெந்நீர் கழுத்தோடு நின்றுவிட்டது, முகத்துக்குத் தனியாக ஒரு குவளையில் ஆறிய தண்ணீர் வைத்துக்கொள்கிறேன். துண்டால் ஒற்றுகிறேன், ஈரத்தோடு கிரீம் போடுகிறேன். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை, இரண்டாவது வாரம் நடுவில் ஒரு நாள் மாலை, இன்றைக்கு முகம் இழுக்கவே இல்லையே என்று நானாகவே கவனித்தேன். கன்னம் சரியாகிவிட்டது என்றே சொல்லலாம்.

மூக்கோரம் மட்டும் அசையவே இல்லை. சோப்பை நிறுத்தினாலும் அதே செதில், கிரீம் போட்டால் இன்னும் கூடியது. அப்போதுதான் வார்டுநேரம் அக்கா கேட்ட கேள்விகள் ஞாபகம் வந்து கண்ணாடி முன் நின்று பார்த்தேன்: செதில் மஞ்சள்தான், இடது புருவத்துக்குள்ளும் இருந்தது, பொடுகு எனக்குப் பல வருடமாக உண்டு. மருத்துவர் பார்த்த உடனே செபோரிக் டெர்மடைட்டிஸ் என்றார். பூஞ்சைக்கான கீட்டோகோனசோல் கிரீம் கொடுத்தார், தலைக்கும் அதே மருந்துள்ள ஷாம்பு. பத்து நாளில் மடிப்பு சுத்தமாகிவிட்டது. திரும்பத் திரும்ப வரக்கூடியது, வந்தால் பயப்படாமல் மறுபடி போடுங்கள் என்றும் சொன்னார். அக்கா, நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் நான் அதன் மேல் எண்ணெயைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நன்றி என்ற ஒரு சொல் போதாது.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். கழுத்தின் முன்பக்கம் எதில் சேரும், முகத்திலா உடம்பிலா?

வார்டுநேரம்

முகத்தில். காதுக்குப் பின்னாலும் பாருங்கள், பொடுகு உள்ளவர்களுக்கு அங்கேயும் செதில் நிற்கும், கண்ணாடியில் தெரியாது. யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.